பிளம்ஸ் ஜாமும் ஒரு பட்டனும்

போன வாரம் எங்கள் வெப்சைட் ஒரு பொய் சொல்லிவிட்டது. சொல்ல வைத்தது நான்தான்.

நானும் வீட்டுக்காரரும் கொடைக்கானலில் ஜாம் காய்ச்சி விற்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சீசனில் வாங்கிப்போனவர்கள் ஊருக்குப் போயும் போன் போட்டுக் கேட்கிறார்களே என்று, இந்த வருஷம் இன்டர்நெட்டிலும் ஒரு கடை போட்டோம். கட்டிக்கொடுத்தவர் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ரியாஸ். கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பொறுமைசாலி.

முதல் பக்கத்தில் முருகன் படம் வேண்டும் என்றேன். வைத்தார். மேலே பிள்ளையார் சுழி கேட்டேன். போட்டார். அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது — 'ஸ்டாக் இல்லை.'

"இதை எடுத்திருங்க தம்பி," என்றேன்.

"சரக்கு தீர்ந்தா அந்த வரி வரும்க்கா. கூடவே ஆர்டர் பட்டனும் மறைஞ்சிரும். ரெண்டும் ஒரே ஏற்பாடு."

"கடையில அந்த வார்த்தை வரலாமா? வீட்டுல அரிசி தீர்ந்தாக்கூட நான் அப்படிச் சொல்றதில்ல."

"எங்க அத்தாவும் கடையில சொல்ல மாட்டாங்க. 'நாளைக்கு வரும்'பாங்க. ஆனா கம்ப்யூட்டருக்கு அந்த நாசூக்கு கெடையாதேக்கா."

நான் விடுவேனா? ஏற்பாட்டையே எடுக்க வைத்தேன்.

பிளம்ஸ் சீசன் முடிந்தது. ஜாமும் தீர்ந்தது. பட்டன் மட்டும் ஜம்மென்று நின்றது... திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு அம்மா ஐம்பது பாட்டில் ஆர்டர் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வேண்டுமாம். 'ஆர்டர் கிடைத்தது, நன்றி' என்று வெப்சைட் பதிலும் அனுப்பிவிட்டது!

"ஒன் கடை வாக்குக் குடுத்திருச்சு. வெரசா போயி மரத்தை உலுக்கு," என்றார் வீட்டுக்காரர்.

வளைகாப்பு வீடு. அங்கே போய் அபசகுனமாக அந்த வார்த்தையையா சொல்வது? விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"பிளம்ஸ் ஜாம் வரும்ங்க..." என்று இழுத்தேன்.

"என்னைக்கு?"

"அடுத்த மே மாசம்."

அந்த அம்மா மாசங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப தொட்டுக்கலாம்னு சொல்றீங்க," என்றார். "இருக்கா, இல்லையா? நேரா சொல்லுங்கம்மா. நான் வேற ஏதாவது பார்க்கணும்ல?"

கண்ணை மூடிக்கொண்டேன். "இல்லைங்க."

மலை இடிந்து விழவில்லை.

"சரி, வேற என்ன வச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

எங்கள் கொல்லையில் மரத்தக்காளி, அதுதான் மலைப்பக்கம் மரத்தில் காய்க்கிற புளிப்புப் பழம், காய்த்துத் தொங்குகிறது. அதில் காய்ச்சித் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். மறுநாள் வெள்ளனே அடுப்பைப் பற்ற வைத்தேன். வீட்டுக்காரர் பெட்டிகளை வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய், சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். வளைகாப்புக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டது.

ரியாஸ் பழைய ஏற்பாட்டைத் திரும்ப வைத்துக் கொடுத்தார் — ஒரே ஒரு திருத்தத்தோடு. பிளம்ஸ் ஜாம் படத்துக்குக் கீழே இப்போது 'அடுத்த மே மாதம் வரும்' என்று இருக்கிறது. பட்டன் மறைந்துவிட்டது.

யோசித்துப் பார்க்கிறேன்... முருகனிடம் நான் கேட்டது எத்தனையோ. ஒருநாளும் அவன் 'இல்லை' என்று சொன்னதில்லை. சில சமயம் பட்டனை மட்டும் மறைத்துவிடுகிறான்!