தேவகி அக்காவின் கறண்ட்

இந்த நாட்டில் தொலைபேசியில் யாரோடும் பேசத் தொடங்குமுன் நான் நான்தான் என்று நிறுவ வேண்டும். முழுப்பெயர், பிறந்த தேதி, இதற்கு முன்பிருந்த முகவரி. எதிர்முனையில் இருப்பவர் தன்னை ஜெஸ் என்றோ மாட் என்றோ சொல்லிவிட்டுத் தப்பிவிடுவார். அவருக்குத் தகப்பன் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஊரில் சந்தைக்குள் கால் வைத்தாலே இன்னாருடைய மகள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மறுக்கக்கூட வழியிருக்காது. இங்கே, குடியுரிமை எடுத்து, வரி கட்டி, வாக்களித்து இத்தனை வருடம் ஆன பிறகும், ஒவ்வொரு அழைப்பிலும் நான் புதிதாகப் பிறந்து, பெயர் வைக்கப்பட்டு, குடியேற வேண்டியிருக்கிறது. முந்தைய முகவரி என்ற கேள்விக்கு நான் அப்போது சொல்லிவந்த விடை, சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் பாதையோரம் இருந்த ஒரு மாடிவீடு. அந்த விடைதான் எனக்கு வினையானது.

மெல்பேர்னில், ரோவிலில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். முதலில் எங்களிடம்தான் கேட்டார். விலை பேசியாயிற்று, கடனுக்கு விண்ணப்பித்தாயிற்று, வங்கியின் பதிலுக்குக் கெடுவும் குறித்தாயிற்று. என் கணவர் குகன் சுவாமி அறைக்குச் சுவரை அளந்து பென்சிலால் கோடு போட்டுவிட்டார். அப்போதுதான் கடன் ஒழுங்குசெய்து தரும் திருச்சிக்காரர் அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிரெடிட் ஃபைல்ல ஒரு டிஃபால்ட் நிக்குது. கட்டாத கரண்ட் பில். ஸ்ட்ராத்ஃபீல்ட் அட்ரஸ்."

"இப்பவே கட்டிவிடுறன்."

"கட்டினாலும் போகாதுங்க. 'கட்டியாச்சு'ன்னு பக்கத்துல எழுதி அஞ்சு வருஷம் அப்படியே வச்சிருப்பாங்க. பேங்க் தொகையப் பாக்காது, கறையத்தான் பாக்கும். எடுக்கணும்னா அந்தக் கம்பெனியோட சண்டைதான் போடணும்."

கிரெடிட் ஃபைல் என்பது நாம் பாராமலே நம்மைப் பற்றி எழுதப்படும் சரித்திரம். அதில் நான் பட்டினி கிடந்து அனுப்பிய காசுகள் இல்லை. விமானநிலையத்தில் அழுதது இல்லை. கட்டாத ஒரு மின்சாரப் பட்டியல் இருக்கிறது.

அந்த மாடிவீட்டில் மேலே நானும் இன்னொரு பெண்ணும் இருந்தோம். கீழே, தஞ்சம் கேட்டுப் படகில் வந்த பெடியள். வீட்டில் நிரந்தர வதிவிடம் எனக்கு மட்டும்தான். அவர்களுக்கெல்லாம் தற்காலிக விசா. முடியும், நீட்டப்படும், மறுபடி முடியும். அந்த விசாத் துண்டை நீட்டினால் மின்சாரக் கம்பனிக்காரன் இன்னும் ஏதாவது ஆதாரம் கேட்பான். ஆகவே நிரந்தர விசா உள்ளவர் பெயர் கொடுப்பார். முழு வீட்டின் மின்சாரமும் என் பெயரில் இருந்தது. யாரும் அதை உதவி என்று சொன்னதில்லை. குசினியில் பொதுவாகக் கிடக்கும் உப்பு மாதிரி அந்தப் பெயரும் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கலியாணம் முடிந்து நான் மெல்பேர்னுக்கு வந்தபோது, கீழ்வீட்டு ரவியிடம் "பில்லை மட்டும் பிந்தாமல் கட்டும்" என்று சொன்னேன். தூக்கிக்கொண்டு போக முடியாத கதிரையை விட்டுவிட்டு வருவதுபோல் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரவிக்கு அழைத்தேன்.

"நான் அந்த வீட்டை விட்டு எப்பவோ வந்திட்டன் அக்கா. இருக்குமட்டும் ஒரு பில்லும் பிந்தேல்லை. பிறகு வந்த பெடியளிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், கறண்ட் அக்காவின்ர பேரிலை கிடக்கு, மாத்தத் தேவையில்லை எண்டு."

"ஆர் அந்தப் பெடியள்?"

"எனக்கே அரைவாசிப்பேரைத் தெரியாது. ஆனா உங்களை எல்லாருக்கும் தெரியும். தேவகி அக்காவின்ர கறண்ட் எண்டுதானே அந்த வீட்டிலை சொல்லுறது!"

பெருமையாகத்தான் சொன்னான். நான் முகம் பாராத ஆண்கள், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, என் பெயரைச் சீதனம் போலக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். என் பெயரில் சோறு கொதித்திருக்கிறது, என் பெயரில் உடுப்புக் காய்ந்திருக்கிறது. "ஏன் அக்கா, ஏதும் பிரச்சினையோ?" என்றான். "ஒண்டுமில்லை" என்று வைத்துவிட்டேன்.

மின்சாரக் கம்பனியில் அன்றைக்கு எனக்கு வாய்த்தவள் ஜெஸ். நல்ல பிள்ளை. அவளுடைய கனிவுதான் என்னைக் கொன்றது.

"உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவர் உங்கள் சகோதரரா?"

"இல்லை."

"துணைவர்?"

"இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம்."

"புரிகிறது. அப்படியானால் அவர் உங்கள் அடையாளத்தைத் திருடியிருக்கிறார். இப்படி நடந்ததற்காக வருந்துகிறேன், தேவாகி. பொலிஸில் முறையிட்டு அந்த எண்ணைத் தாருங்கள், பதிவை எடுத்துவிடலாம். அவருடைய பெயர் தெரியுமா?"

கொடுத்தது என்று ஒன்று இருக்கலாம் என அவளுக்குத் தோன்றவேயில்லை. அவளுடைய மொழியில் பெயர் ஒன்றில் பூட்டப்பட்டிருக்கும், அல்லது களவுபோயிருக்கும். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ரவி. முறைப்பாட்டில் அவன் பெயர் ஏறினால் அடுத்த முறை விசா நீட்டும் அதிகாரியின் திரையில் அதுதான் முதலில் எரியும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

குகன் யோசிக்கவில்லை. "ஓம் எண்டு சொல்லுமன் தேவகி. பொலிஸ் கூப்பிட்டுக் கேக்கும், அவன் தான் இல்லை எண்டு சொல்லுவான், முடிஞ்சுது."

"அதோட அவன்ர விசாவும் முடிஞ்சுதெண்டால்?"

"ரவிக்கு நீர் என்ன தாயோ? பிள்ளையளுக்கு ஒரு வீடு. அவ்வளவுதான் நான் கேக்கிறன்."

அவர் கேட்டதில் பிழையில்லை. அதனால்தான் அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் கோப்பைகள் மட்டும் பேசிக்கொண்டன.

மறுபடி அழைத்தேன். இம்முறை ஒரு மாட். வழமைபோல் நான் நானாகிக்கொண்டிருந்தபோது, "தற்போதைய முகவரி ரோவில்தானே? அங்குள்ள உங்கள் மின்சாரமும் எங்களுடையதுதான், பில்லும் அங்கேதான் போகிறது" என்றான். அந்தக் கம்பனிக்குத்தான் நான் இங்கேயும் கட்டிக்கொண்டிருந்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை! "அப்படியென்றால் பதிவு போடுமுன் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் எங்கே போயின?" என்று கேட்டேன். விசைப்பலகைச் சத்தம். "ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு." தங்களுக்குத் தெரிந்த கடைசி முகவரிக்கு எச்சரிக்கை அனுப்பாமல் ஒருவரைக் கறைப்படுத்தக் கூடாது என்பது இந்த நாட்டின் விதி. இலவசமாக முறைப்பாடு கேட்கும் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதினேன். கவிதை எழுதி வீணாய்ப்போன கைக்கு இப்படியும் ஒரு கூர்மை இருந்ததா என்று எனக்கே வியப்பு. ஒரு உவமை இல்லை, ஒரு ரவி இல்லை. முகவரிகள் மட்டும்.

பதிவை நீக்கினார்கள். ஒரு வரி மின்னஞ்சல், மன்னிப்பு இல்லை. அதற்கிடையில் வங்கிக் கெடு கடந்து, வீடு வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. குகன் சுவரில் போட்ட பென்சில் கோட்டை, முன்பணத்தில் கழித்துவிடுவார்களே என்று, நானே ஈரத்துணியால் துடைத்தேன். இப்போது அதே ரோவிலில் வேறொரு வாடகை வீடு. குகன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் ரவியிடம் சொன்னதில்லை.

போன விடுமுறையில் சிட்னியில் ஒரு கலியாணவீடு. திரும்பும் வழியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். ரவி எங்களைப் பார்க்கவென்று வந்திருந்தான், கூடவே சில பெடியள். குகன் கும்பிட்டுவிட்டு நேரே காருக்குப் போய்விட்டார். ரவி சொன்னான்: "டேய், இவதான் தேவகி அக்கா."

"ஆர், கறண்ட் அக்காவோ?" ஒரு மெலிந்த பெடியன் கைகூப்பினான், சிரித்தான், மறுபடி கைகூப்பினான். "என்ர முதல் குளிருக்கு உங்கட ஹீட்டரிலைதான் அக்கா கிடந்தனான். வேலையுமில்லை, ஒண்டுமில்லை. இல்லாட்டி விறைச்சுச் செத்திருப்பன்."

"கடைசியா அங்கை ஆர் இருந்தது?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? வீட்டுக்காரன் திடீரெண்டு வீட்டை விட்டு எழும்பச் சொன்னான், ஆளாளுக்குச் சிதறிட்டம். சாப்பிட்டனீங்களோ அக்கா?"

கோயில் கன்ரீனில் அவனே தோசை வாங்கினான். நான் கைப்பையைத் திறக்க விடவில்லை. "உங்களிட்டைக் காசு வாங்கினா எங்களுக்குப் பாவம்" என்று தட்டை என் கையில் வைத்தான். ரவி தள்ளி நின்று சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. உங்கள் நன்றியின் விலை ஒரு வீடு, தெரியுமா என்று. ஆனால் இந்தப் பெரிய கண்டத்தில், பிறந்த தேதி கேட்காமல் என்னை அறிந்த அந்நியர்கள் அவர்கள் மட்டும்தான். ஃபைலில் நான் இப்போது சுத்தம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

வாகனத் தரிப்பிடத்தில் குகன் எஞ்சினை இயக்கினார். மெல்பேர்ன்வரை நீண்ட ஓட்டம். "தேவகி, வாருமன்" என்று கூப்பிட்டார். மேசையிலிருந்து பெடியள், "அக்கா, இருந்து சாப்பிடுங்கோ, கதிரை கிடக்கு" என்றார்கள். காருக்கும் மேசைக்கும் நடுவே, தட்டோடு நின்றேன். யூக்கலிப்டஸ் காற்று தட்டிலிருந்த தேங்காய்ச் சம்பலைக் காயவைத்துக்கொண்டிருந்தது. தோசையை நின்றபடியே பிய்த்து வாயில் வைத்தேன்.