அடிக்கு அரை அங்குலம்

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் படியேறிக்கொண்டிருக்கின்றன. ஒன்பதாவது படியில் நடுவிரல் லேசாகத் தட்டுகிறது. உப்புத்தாளில் நகத்தளவு கிழித்து, அந்த ஒரு படியை மட்டும் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, தூசியை வாயால் ஊதிவிட்டு, மறுபடியும் முதல் படியிலிருந்து விரல்களை ஏற்றுகிறார் வீட்டுக்காரம்மா. நின்ற இடத்திலிருந்து தொடரும் வழக்கம் அவரிடம் இல்லை. “வீட்டுக்கு வர்றவங்க ஒன்பதாவது படியில இருந்தா ஏறுவாங்க?” என்று கேட்பார். பதினேழாவது படியில் விரல்கள் சற்று நிற்கின்றன, மூச்சு வாங்குவதுபோல.

வீட்டுக்காரம்மா என்பது கீழ்த்தளத்து ஜெராக்ஸ்காரர் சூட்டிய பெயர். அவர் குடியிருப்பது வாடகை வீடு. வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறை. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் நானூறு வீடாவது கட்டியிருப்பார், எல்லாம் அடிக்கு அரை அங்குலக் கணக்கில். அடுக்குமாடி கட்டுகிறவர்கள், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கட்டடம் வைத்திருப்பார்களே, அதைச் செய்கிறவர். கடற்பஞ்சைக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் முக்கினால் மரம். நீல பிளாஸ்டிக் தாளைச் சூடுகாட்டிச் சுருக்கினால் நீச்சல் குளம். “அவங்க கட்டுற குளத்துல தண்ணி வருமோ வராதோ. என் குளம் வத்தினதே இல்ல” என்பார், பெருமையாக அல்ல, நிலவரம் சொல்வதுபோல.

அவருடைய விரல் நுனிகளில் காய்ந்த பசை எப்போதும் ஒரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். பேசிக்கொண்டே அதை உரிப்பார். உரித்த தோலில் ரேகை அப்படியே இருக்கும். தானே தன் ரேகையைக் கழற்றிக் குப்பையில் போடுகிற பெண் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அவருடைய போன் அவர் விரலை அடையாளம் கண்டுகொள்வதில்லை. “அதுக்கு நான் யாருன்னே தெரியல. தினமும் அறிமுகப்படுத்திக்கணும்.”

அளவு இல்லாத எதையும் வைக்க மாட்டார். அதற்கு ஒரு கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், வரைபடத்தில் சரியாகத் தெரியாத ஓரிடத்தில், இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு ஜன்னலை வைத்துவிட்டார். அதைப் பார்த்து மயங்கி ஒருவர் அந்த வீட்டையே வாங்கினார். கட்டி முடித்தபோது அங்கே ஒரு தூண் நின்றது. அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் படியேறி வந்தார், “காலையில கண்ணு முழிச்சா தூணு முகத்துல முழிக்கிறேம்மா” என்று சொன்னார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருக்கும். அவர் திட்டவில்லை, அதனால் இன்றும் மறக்கவில்லை.

இப்போது விரல்கள் ஏறுகிற படி அந்த மாதிரி விற்பனை வீட்டுப் படி அல்ல. இந்தப் படியில்தான் ஒரு பெண் விழுந்து இறந்தார். பதின்மூன்று வருஷமாகிறது. தள்ளியது அவருடைய கணவர் என்று தீர்ப்பாகி, அந்த மனிதர் அன்றுமுதல் சிறையில் இருக்கிறார். சாட்சி அவர்களுடைய மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், பாதி திறந்திருந்த கதவின் வழியே, படியின் உச்சியில் அம்மாவின் முதுகில் அப்பாவின் கையைப் பார்த்ததாகச் சொன்னாள். மகன் அவளைவிட நாலு வயது மூத்தவன், மாலை வகுப்புக்காகப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தான். அந்தக் கதவு படிப்பக்கம் கீல் வைத்த கதவு, பாதி திறந்தாலே படியை முழுசாக மறைத்துவிடும், தங்கையால் எதையும் பார்த்திருக்க முடியாது என்று அவன் வருஷக்கணக்காக மனுப் போட்டுப் போட்டு, இப்போது மறுவிசாரணை வந்திருக்கிறது. தங்கை, கீல் இருந்தது எதிரே ஜன்னல் பக்கம் என்கிறாள். அப்படியானால் படி பளிச்சென்று தெரியும்.

வீடு இப்போது இல்லை. இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அந்த அடுக்குமாடிக்கும் குட்டிக் கட்டடம் செய்தவர் வீட்டுக்காரம்மாதான். அதனால்தான் நீதிமன்றம் பழைய வீட்டையும் அதேபோலச் செய்துதரச் சொல்லி அவரையே தேடி வந்தது. பழைய வரைபடத்தில் அந்த இடம் வெறும் திறப்பாகத்தான் இருக்கிறது, கதவு பிற்பாடு போட்டது. போலீஸ் எடுத்த படத்தில் கதவு இருக்கிறது, ஆனால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. உடலைத் தூக்கிக்கொண்டு வர இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரோ அதைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். நிலை படத்தில் விழவில்லை, எந்தப் பக்கம் கீல் என்று அதில் தெரியாது. முதல் விசாரணையில் கதவைப் பற்றி ஒருவரும் கேட்கவேயில்லை. ஆகவே உத்தரவு இப்படி வந்தது: வீட்டில் வளர்ந்த இருவரும் தனித்தனியே வந்து பார்த்துச் சரி சொல்லட்டும். இருவரும் ஒத்துச் சொல்வதை மட்டும் ஒட்டலாம்.

வழக்குக் கட்டு முழுவதையும் நகல் எடுத்தவர் ஜெராக்ஸ்காரர். “ஜட்ஜு ஒரு தடவை படிச்சிருப்பாரு. நான் நாலு காப்பி படிச்சிருக்கேன்” என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். அவருக்குச் சந்தேகமே கிடையாது, தள்ளியது அந்த ஆள்தான். மத்தியானத்தில் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவரும் வீட்டுக்காரம்மாவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர், அங்கே நின்று எதிர்வாதம் செய்வார். முதுகில் கை வைத்தால் தள்ளத்தான் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? தான் பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவன் முதுகைப் பிடிக்கிறான், அவனெல்லாம் கொலைகாரனா என்பார். ஜெராக்ஸ்காரர் இயந்திரத்தின் மூடியை டப்பென்று மூடுவார்.

“சரி, பிடிச்சான்னே வெச்சுக்குவோம். அவ விழுந்ததுக்கும் போன் பண்ணினதுக்கும் நடுவுல இருபது நிமிஷம். என்ன பண்ணிட்டிருந்தான்?”

“பக்கத்துல உக்காந்திருப்பான்.”

“எதுக்கு?”

“எழுந்துக்குவாளேன்னு.”

இதற்கு நாலு காப்பியிலும் பதில் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்றாலும், சில சமயம் ஒரு பஸ் டிரைவர் போதும்.

வீட்டுக்காரம்மாவைக் கேட்டால், “படி ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம். அதுல ஒண்ணும் தப்பில்ல” என்பார். வேறெதுவும் பெயராது.

அண்ணன் செவ்வாய்க்கிழமைகளில் வருவான். லிப்ட் மெக்கானிக், கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான், ஆனாலும் எதையும் தொட மாட்டான். மாடி அறையில் அலமாரி இந்தச் சுவரில் இல்லை, அந்தச் சுவரில் என்பான். தங்கை வெள்ளிக்கிழமை, பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை முடிந்த பிறகு வருவாள். அவளும் அதே அலமாரியை, அதே அந்தச் சுவரில் என்பாள். கூடத்துச் சுவரின் விரிசல் வரைக்கும் இருவரும் ஒரே வாய் போலச் சொன்னார்கள். ஒரே வீட்டை இரண்டு பேர் இவ்வளவு பத்திரமாக வைத்திருந்து வீட்டுக்காரம்மா பார்த்ததில்லை. கதவு ஒன்றுதான் இரண்டாக இருந்தது. பதின்மூன்று வருஷமாக ஒருவரோடொருவர் பேசவில்லை என்றாலும், போகும்போது வாசலில் நின்று தங்கை கேட்பாள், அண்ணன் இளைத்திருக்கிறானா என்று. அண்ணன் அப்படியெல்லாம் கேட்க மாட்டான். “அவ பொய் சொல்றவ இல்லக்கா” என்பான், யாரோ சொன்னதுபோல. “பதினோரு வயசு. சுத்தி நின்னு கேட்டாங்க. எதையாவது சொல்லணும்ல?”

போன செவ்வாய்க்கிழமை அவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். சிறையில் வக்கீல் அப்பாவிடமே கதவைப் பற்றிக் கேட்டாராம். கதவைப் போட்டவர் அவர்தான், தன் கையாலேயே. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்ட ஜெராக்ஸ்காரர் அன்று வந்த நகல்களையெல்லாம் தலைகீழாக எடுத்தார். படிப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வரலாம். கொலை செய்தவன் பொய் சொல்ல மாட்டானா? மாலையில் மேலே வந்து, “என்ன வீட்டுக்காரம்மா, இப்படிக் குழப்புறான் அந்த ஆளு” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

அந்த வீடு இப்போது வீட்டுக்காரம்மாவின் தூக்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. அதில் அவர் இரண்டரை அங்குல உயரம் இருக்கிறார். தரை, தானே ஒட்டிய மரவரித் தாள். கால் வைத்தால் ஓரத்தில் மெல்ல எழும்பி அமர்கிறது. எந்நேரமும் சாயங்கால வெயில், நகராத வெயில். கூடத்தில் நடந்து சமையலறைப் பக்கம் போகிறார். அங்கே திறப்பு இருக்கிறது, கதவு இல்லை. ஒரு பக்கம் கையால் தடவுகிறார், கீல் இல்லை. மறுபக்கம் தடவுகிறார், அங்கேயும் வழவழவென்று இருக்கிறது. மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது, இரண்டு விரல் நடக்கிற சத்தம். பயமாக இல்லை, அதுதான் விசித்திரம் என்கிறார். விழித்துப் பார்த்தால் தன் விரல்கள் கணவரின் முழங்கையில் ஏறிக்கொண்டிருக்கின்றன. “எத்தனாவது படி?” என்று அவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வீட்டை எடுத்துப்போக நீதிமன்றத்திலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. தங்கை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்க அட்டை வாசனை. ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் வெட்டுத்தூசி மெதுவாக மிதந்தது.

சமையலறையின் பின்சுவரில் ஒரு துளை இருந்தது. நீதிபதி குனிந்து பார்ப்பதற்காக, தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே, பதினொரு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் வைத்த துளை. இதுவரை அவள் அதில் பார்த்ததில்லை. மேலிருந்து, கூரையைக் கழற்றிய வீட்டுக்குள்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

“பாக்கறியாம்மா?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள். வீட்டுக்காரம்மா கூரையை மூடி, கை போக வழியாகப் பக்கச் சுவர் ஒன்றைக் கழற்றினார். மூன்றரை அங்குலக் கதவின் ஓரத்தில் துளி மெழுகு உருட்டி, முதலில் ஜன்னல் பக்கம் நிறுத்தினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி, துளையில் ஒரு கண்ணை வைத்திருந்த அந்த முகம் சின்னப்பிள்ளை முகமாகச் சுருங்கியிருந்தது. பிறகு விரலால் போதும் என்று காட்டினாள். கதவை எடுத்துப் படிப்பக்கம் வைத்துப் பாதி திறந்தார். இதற்கும் வெகுநேரம். கீழே இயந்திரம் ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

துளையிலிருந்து முகத்தை எடுக்காமலே அவள் சொன்னாள், “படிப்பக்கமே ஒட்டிடுங்கக்கா.”

வீட்டுக்காரம்மா பசைப் புட்டியை எடுத்தார். இருவரும் ஒத்துச் சொன்னால் ஒட்டலாம். ஒத்துச் சொல்லியாயிற்று. ஒட்டினால் இவளுடைய அப்பா வெளியே வருவார். இவள் பதின்மூன்று வருஷம் அப்பாவைச் சிறையில் வைத்த பொய்க்காரி ஆவாள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்கியால் கதவைக் கவ்வி, அதன் ஓரத்தில் ஊசிமுனையால் பசை இழுத்தார். இந்தப் பசைக்கு அறுபது எண்ணும் நேரம்தான் உயிர். அதற்குள் வைத்துவிட வேண்டும், தாமதித்தால் இறுகிப்போகும்.

“ஞாபகம் வந்துடுச்சா?” என்றார், கதவை நிலையருகே கொண்டுபோய்க்கொண்டே.

“அண்ணன் என்கூடப் பேசுவான்ல.”

“அதைக் கேக்கலம்மா.”

அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அட்டைச் சுவர் லேசாக வளைந்தது. வேறு யாராயிருந்தாலும் வீட்டுக்காரம்மா பதறியிருப்பார்.

“முதல்ல ஜன்னல் பக்கம் வெச்சீங்கல்ல, அப்ப அப்பா கை தெரிஞ்சுதுக்கா. அம்மா முதுகுல. நான் சொன்ன மாதிரியே.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அப்புறம் இந்தப் பக்கம் வெச்சீங்க. கதவு மறைச்சிடுச்சு. மேல்படி தெரியல, படியே தெரியல. ஆனா கை மட்டும் தெரிஞ்சுதுக்கா. அதே மாதிரி.”

இடுக்கி நின்றது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நெல்லளவு இடைவெளி. நானூறு வீட்டுக்குக் கதவு வைத்த கை, அந்த நெல்லளவைத் தாண்டாமல், பின்வாங்கவும் செய்யாமல், ஆடாமல் நின்றது. கதவின் ஓரத்தில் பசை முதலில் பளபளத்தது, பிறகு மங்கியது, பிறகு வெளுத்து இறுகியது. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதவைக் கீழேயும் வைக்கவில்லை.