கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை எனக்கு. பெரிய படிப்பில்லை. ஆனால் இணையத்தில் எதையாவது வாசித்துவிட்டால் தேத்தண்ணிக் கடையில் போய்க் கதைக்காமல் இருக்க ஏலாது. வாய்க்கு வரம்பு கட்டாத மனுசன் என்று என்னைச் சொல்லுவார்கள். இந்த வருசம் என் கதையெல்லாம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை, அதுதான் கரியமில வாயுவை, வானத்தில் சுற்றிக்கொண்டே அளக்கிற செய்மதியைப் பற்றித்தான்.

"நாம விடுற மூச்சு, வண்டிப் புகை, வயலில வைக்கோல் எரிக்கிற புகை, எல்லாம் சேர்ந்த கணக்கு அதுக்குத் தெரியும்" என்றேன்.

"என்ட பொஞ்சாதி விடுற பெருமூச்சையும் அளக்குமா நானா?"

கேட்டது கடலுக்குப் போகிற ஒரு தமிழ் அண்ணன். முஸ்லிம் ஆளான என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். தேத்தண்ணிக் கடையே சிரித்தது.

பிறகு ஒருநாள் கடல் கொந்தளித்தது. அந்த அண்ணனின் மகன் போன போட் திரும்பி வரவில்லை. தேடப்போனவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காலை நான் கடை திறக்கும்போதே அண்ணன் வந்து நின்றார்.

"மூச்சை அளக்கிற சாமான் எண்டு சொன்னீங்கதானே நானா. என்ட மகன் இரிக்கானா எண்டு பாருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அது ஆளைப் பாக்காது அண்ணன். கடல்ல வெயில் பட்டு மினுங்கித் திரும்புற வெளிச்சத்தைத்தான் பாக்கும். அதில கொஞ்சத்தை இந்த வாயு திண்டுபோடும். எவ்வளவு குறைஞ்சிரிக்கு எண்டதை வெச்சுத்தான் கணக்கு."

"ஒரு ஆள்ற மூச்சு தனியாத் தெரியாதா?"

"தெரியாது. எல்லாம் ஒண்டாக் கலந்துதான்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருமகள் இன்னும் பொட்டழிக்கல்ல. கிரியையைச் செய்யுங்க எண்டு சொந்தக்காரர் நிக்கிறாங்க. அவள், மாமா சொன்னாத்தான் எண்டு இரிக்காள்."

தலையை நிமிர்த்திக் கேட்டார்: "அவன் ஸ்டார்ட் பண்ணிப் போன எஞ்சின்ட புகை?"

"அதுவும் அங்கதான் கலந்து கிடக்கு. அதில ஒரு பங்கு நம்மட பேரப்புள்ளைகள்ற காலத்துக்குப் பிறகும் இரிக்கும்."

உலகம் சூடாவதைச் சொல்லிப் பயம்காட்ட இதே வசனத்தை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் குரலே வேறாக வந்தது.

அவர் எழும்பினார். "தேட இனி ஒண்டும் இல்ல. அந்தப் புள்ளையைக் காக்க வெக்க ஏலாது. போய்ச் சொல்றன்."

படியிறங்கிவிட்டுத் திரும்பினார்.

"புகை இரிக்கு எண்டதையும் சொல்லட்டா நானா?"

"சொல்லுங்க அண்ணன்."