பாசிலின் மஞ்சள் தொப்பிக்காரர்

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மணமக்கள் கையில் கவரைத் திணித்துக்கொண்டிருக்க, பாசில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் ஓர் இணைய முகவரி மட்டும் இருக்கும். "போன்ல அடிச்சுப் பாருங்க. உங்க ரெண்டு பேருக்குன்னே ஒரு பக்கம் போட்டிருக்கேன்" என்று காதோரம் சொல்லிவிட்டு, நேரே பந்திக்குப் போய்விடுவார்.

கோவிந்தாபுரத்தில் நகல் எடுக்கும் கடை அவருடையது. இரண்டாயிரத்து மூன்றில் அது பிரவுசிங் சென்டர். அப்போது ஒரு மெல்லிய புத்தகத்தைப் பார்த்து இணையப் பக்கம் எழுதக் கற்றவர், இன்றைக்கும் நோட்பேடில் ஒவ்வொரு வரியாகக் கையால்தான் அடிக்கிறார். சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே நகர்ந்து ஓடும் 'மணமக்கள் வாழ்க', கீழே இதுவரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண்ணும் கட்டம், அதற்கும் கீழே வந்தவர்கள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போக ஒரு விருந்தினர் ஏடு. மோதிரப் படத்தைத் தொட்டால், நிக்காஹ் என்றால் தஃப் முட்டுக் கொட்டு, மற்றக் கல்யாணமென்றால் நாதஸ்வர மேளம் முழங்கும். மாங்காய் மண்டி ஈஸ்வரன் பஸ்ஸில் வைத்துத் தொட்டுவிட்டு, மானம் போய்க் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க பாசில், அந்த மேளத்த மட்டும் எடுத்துருங்களேன்."

"மேளமில்லாத கல்யாணம் நல்லாவாங்க இருக்கும்?"

முந்நூறு ஜோடிகளுக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை பிறந்தால் பெயரைச் சேர்ப்பார். யாராவது சண்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்தை எடுக்கச் சொன்னால், "சர்வர் வேல செய்யல, ஒரு வாரம் பொறுங்க" என்பார். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ராசியாகிவிடுவார்கள்.

அவருக்கென்றும் ஒரு பக்கம் உண்டு. அவர் எழுதிய முதல் பக்கமே அதுதான். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்ன ஆள் மண்வெட்டியால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். கீழே, 'பணி நடைபெறுகிறது, 2003'. அதற்கும் கீழே அதே எண்ணும் கட்டமும் விருந்தினர் ஏடும். "அப்பல்லாம் பக்கம் ஆரம்பிச்சா மொதல்ல இந்த ஆளத்தான் நிறுத்துவாங்க. அதான் மொறை" என்பார். தங்கைகள் கல்யாணம், கடை, கூச்சம் என்று காலம் ஓடி, பாசிலுக்கு நாற்பத்தைந்து ஆகியும் அந்த ஆள் மண்வெட்டியைக் கீழே வைத்தபாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மெஹருன்னிசா அவரை நல்லேப்பிள்ளிக்குப் பெண் பார்க்க இழுத்துக்கொண்டு போனார். ஷம்னா தையல் கடை வைத்திருப்பவர், வயது நாற்பது, பேச்சும் கத்தரிக்கோல்தான். பாசிலுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார் ஷம்னா. கிளம்பும்போது பழக்க தோஷத்தில் பாசில் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, தன் பக்கத்தின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போன ஊட்டுல, வேல நடக்குதுன்னு போர்டு வச்ச பக்கத்தையாடா குடுப்பே? அவ என்ன நெனப்பா?"

அன்றிலிருந்து பாசிலுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தைத் திறக்கவும் பயம். தானே பார்த்தாலும் எண் ஒன்று ஏறிவிடும். கடைசியாகப் பார்த்தபோது 311. மூன்று நாள் ஊராரின் ரேஷன் கார்டுகளைத் தலைகீழாக நகல் எடுத்துத் தள்ளினார். புதன்கிழமை மத்தியானம் பொறுக்கமாட்டாமல் திறந்தார். 320.

தன்னைக் கழித்தால் எட்டு. அக்காவுக்குப் போன் போட்டு, "நீ பாத்தியா?" என்றார். "எனக்கு வேற வேல இல்லியா?" என்று அக்கா வைத்துவிட்டார். அப்படியானால் எட்டுத் தடவையும் ஷம்னாதான். அந்த நிமிஷம் மனுஷனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

விருந்தினர் ஏட்டில் இருபத்திரண்டு வருடமாக, சோதித்துப் பார்க்க அவரே எழுதிய ஒரு 'ஹலோ' மட்டும்தான் கிடந்தது. இப்போது அதன் கீழே இன்னொன்று:

"2003லிருந்து ஒரே ஆளுதான் வேல செய்யறாரு. கூட ஒரு ஆளு வந்தா சுருக்கா முடியுமுங்களா? - ஷம்னா, நல்லேப்பிள்ளி."

பாசில் அதை நாலு தடவை படித்தார். நகல் எடுக்க வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு நோட்பேடைத் திறந்தார். மஞ்சள் தொப்பிக்காரரின் வரியைத் தேடிப் பிடித்து, அழிக்கப்போன விரலை எடுத்துக்கொண்டார். பிறகு அதே வரியை நகல் எடுத்து, அதன் பக்கத்திலேயே ஒட்டினார்.