மூலை இல்லாத விடுதி

"பெட்டி வாளியில வரட்டும். ஆளுங்க படியில வாங்க."

குரல் கொடுத்துவிட்டு மேலேயிருந்து கயிற்றை இறக்கிக்கொண்டிருக்கிறாள் டேங்க் அக்கா. கீழே ஒரு கணவனும் மனைவியும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். எட்டுத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கிற பழைய தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் எழுபத்தாறு இரும்புப் படிகள். நல்ல ஓட்டல்களையெல்லாம் விட்டுவிட்டு இதில் ஒரு நாள் தங்க வேண்டும் என்று தேடி வந்தவர்கள், முதல் படியிலேயே யோசிக்கிறார்கள். "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்கிறார் கணவர். "இருக்கே. அது பெட்டிக்கு," என்று வாளியை ஆட்டிக் காட்டுகிறாள் அக்கா.

இருபத்திரண்டு வருடம் இதே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய பம்ப் ஆபரேட்டர் அவள். புதுத் தொட்டி வந்ததும் இதை இடிக்கப் பஞ்சாயத்தில் ஆள் தேடினார்கள். அக்கா போய்க் குத்தகைக்குக் கேட்டாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாசலுக்குச் சுவரில் ஒரு துண்டு அறுத்து, காற்றுக்கு நாலு ஜன்னல் வைத்தாள். சுவரோடு ஒட்டி நிற்க ஒரு பக்கம் வளைந்த கட்டில் வேண்டும் என்றாள். "கட்டில்னா நாலு மூலை இருக்கணும்க்கா," என்றார் தச்சர். "இந்த அறைக்கே இல்லாத மூலை கட்டிலுக்கு எதுக்கு?" என்றாள். தச்சர் வளைத்துக் கொடுத்தார்.

உள்சுவரில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போட்ட பழைய அடிக்கணக்கு இன்னும் இருக்கிறது, ஒன்றிலிருந்து பதினாலு வரை. படுக்கப் போகிறவர்களிடம் அதைக் காட்டி, "இப்ப நீங்க படுக்கிறது, தலைக்கு மேல பன்னிரண்டு அடி தண்ணி நின்ன இடம். மூச்சு நல்லா வருதா?" என்று விசாரிப்பாள். சிலருக்கு அதோடு தூக்கம் போய்விடும். அதற்கு அவள் பொறுப்பல்ல.

அவளுடைய விடுதியில் ஒரே ஒரு விதிதான். ரகசியம் பேசக்கூடாது. வட்டச் சுவர், இந்தப் பக்கம் முணுமுணுத்தால் சுவரை ஒட்டியே ஓடி எதிர்ப்பக்கம் போய்க் காதில் விழும். "மாமியாரைப் பத்திப் பேசணும்னா கீழ போயிப் பேசிட்டு வாங்க," என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். வாசலோரம் நீலக் கோடு போட்ட தலையணை ஒன்று இருக்கும். அதை எந்த விருந்தாளிக்கும் கொடுக்க மாட்டாள். மாதம் ஒரு முறை வந்து தங்கிப் போகும் அண்ணனுக்கு உரியது. அவர் கழுத்து வலிக்காரர், வேறு தலையணை ஆகாது.

போன வியாழக்கிழமை காலை விடுதி உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தார். உரிமம் இல்லையென்றால் மாதக் கடைசியில் தொட்டிக்குப் பூட்டு. அன்று அண்ணனும் இருந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கியதும் ஆய்வாளர் படிவத்தை விரித்தார்.

"அறையோட நீளம் சொல்லுங்கம்மா."

"எங்கேயிருந்து எங்க வரைக்கும் சார்?"

அவரே டேப்பை எடுத்துச் சுவரில் வைத்தார். சுவர் வளைந்து நழுவிக்கொண்டு போனது. மூன்று தரம் அளந்தார், மூன்று அளவு வந்தது. கடைசியில் வழி சொன்னார். உள்ளே நாலு நேர்ச்சுவர் எழுப்பிவிட்டால் நீளமும் இருக்கும், அகலமும் இருக்கும்.

"அப்ப இது டேங்க் இல்ல சார், டேங்குக்குள்ள ஒரு பெட்டி. பெட்டியில படுக்க யாரு எழுபத்தாறு படி ஏறுவாங்க?" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரோரம் இருந்த அடுப்பில் டீ போடப் போனாள்.

அண்ணன் ஆய்வாளரை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டு போனார். படுத்தவுடன் குறட்டை விடுகிறவருக்கு இந்தச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? தங்கை சொன்னதையெல்லாம் விருந்தாளிகளுக்கு விடும் கதை என்றே நினைத்திருந்தார்.

"பூட்டிடுங்க சார்," என்று அக்காவின் காதுக்குள் பேசியது சுவர். "ரெண்டு நாள் அழுவா. அப்புறம் இறங்கி வந்துடுவா. எங்க வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடக்கு. என் சம்சாரத்துக்கும் ஒரு ஒத்தாசை."

பால் பொங்கி வழிந்தது. அக்கா அடுப்பை அணைக்கவில்லை. பூட்டு வருமே என்று பயந்ததைவிட, அண்ணன் தன்னை அளந்து ஒரு பின்னறைக்குள் வைத்துப் பார்த்துவிட்டாரே என்பதுதான் வலித்தது. கண் கலங்கியது. முந்தானையால் துடைத்தாள். அதோடு சரி.

டீயைக் கொண்டு வைத்தவள், ஒரு காலி டம்ளரைப் படிவத்தின் மேல் கவிழ்த்தாள். ஆய்வாளரின் பேனாவை வாங்கி, நீளம், அகலம் என்ற இரண்டு கட்டங்களும் உள்ளே அடங்க, டம்ளரின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். நடுவில் எழுதினாள்: குறுக்கே இருபத்தாறு அடி.

"இது செல்லாதும்மா."

"செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். காரணமும் எழுதுங்க. அறை வட்டமா இருக்குன்னு எழுதுங்க. நான் அதைக் கண்ணாடி போட்டு வாசல்ல மாட்டிடறேன்."

ஆய்வாளர் படிவத்தையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். எதையும் எழுதாமல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். பூட்டு வருமா, உரிமம் வருமா என்று இன்றுவரை தெரியாது. முன்பதிவை மட்டும் அக்கா நிறுத்தவில்லை. மாதக் கடைசிக்கு அடுத்த வாரத்துக்கும் விருந்தாளிகளைப் பதிந்து வைத்திருக்கிறாள்.

"அதிகாரிகிட்ட இப்படியா பேசுறது? உன் நல்லதுக்குத்தான் நான்..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

அக்கா எதிர்ப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். "எங்க வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடக்கு," என்று முணுமுணுத்தாள்.

ஜன்னலோரம் நின்றவரின் காதுக்குள் அது முழுசாக வந்து விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

கடைசிப் படியில் காலை வைத்து நிமிர்ந்தபோது, வாளி அவர் மார்புக்கு நேராக வந்து நின்றது. உள்ளே நீலக் கோடு போட்ட தலையணை, துவைத்த உறை மாற்றி. அவர் எடுத்துக்கொள்ளும்வரை மேலே கயிற்றைப் பிடித்த கை அசையவில்லை.