சிவப்பு மூடியும் நீல மூடியும்

மைக்ரோஸ்கோப் அறையில் சுபா அழுதுகொண்டிருந்தாள். அவள் எங்கள் லேபில் பி.எச்டி. மாணவி. நான் டெக்னீஷியன், சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்தவரின் மகன். வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். சொல்யூஷன் தயாரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு.

சுபாவின் ஆராய்ச்சி லாமின் பற்றியது. செல்லின் நியூக்ளியஸுக்கு உள்பக்கம் லாமின் என்ற புரதம் வலை போலப் பின்னியிருக்கும். வேலையில்லாத ஜீன்கள் பெரும்பாலும் அந்த வலையோடு ஒட்டி ஓரத்தில் கிடக்கும். லாமினில் பிழை இருந்தால் நியூக்ளியஸ் கசங்கும், ஓரத்து ஜீன் நடுவுக்கு வந்துவிடும். இதை ஒருமுறை அழகாகப் படம் எடுத்திருந்தாள். திரும்பச் செய்தபோது, பிழையில்லாத நல்ல செல்லும் கசங்கியிருந்தது. மூன்று வாரமாக அதே கதை.

லேபின் தலைவரான சார் மலையாளி, எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார். "ரெண்டும் ஒண்ணு போல இருந்தா பின்னே எந்தா வித்யாசம்? முதல்ல கிட்டினது தப்பா இருக்கும். அடுத்த வெள்ளி வரை பாக்கலாம். இல்லேன்னா இத விட்டுடு, சுபா."

"மூணு வருஷம் போச்சு அண்ணா," என்றாள் என்னிடம். "ஆன்டிபாடி மாத்தியாச்சு, செல் மாத்தியாச்சு. இனி நா என்ன செய்ய?"

"நிதானமா கழுவு, எல்லாம் சரியாகும்," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை அவள் மேசையைத் துடைக்கப் போனேன். சிந்திய பி.பி.எஸ். காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. செல்லைக் கழுவும் உப்புக் கரைசல் அது. பத்து மடங்கு கெட்டியாகச் செய்துவைத்து, பிறகு தண்ணீர் கலந்து கொடுப்பது என் வேலை. கலந்தது இவ்வளவு உப்பு விடாது. அவள் பாட்டிலைப் பார்த்தேன், மூடி நீலம்.

கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சூட்டில் எழுத்து அழிகிறதென்று எங்கள் லேபில் மூடியின் நிறம்தான் அடையாளம். சிவப்பு கெட்டி, நீலம் கலந்தது. அந்த ஏற்பாடு என்னுடையது. மூடிகளை மாற்றிப் போட்டவனும் நானேதான். கெட்டி உப்பில் எந்த செல்லும் தண்ணீரை இழந்து சுருங்கும், நியூக்ளியஸும் கசங்கும்.

சத்தமில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்திருக்கலாம். பாட்டிலைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அந்த மூன்று வார ரிசல்ட் அவள் நோட்டில் இருக்கிறதே. காலத்துக்கும் தன் கையையே சந்தேகப்படுவாளே. போன் செய்தேன்.

"சுபா, தப்பு என் பேர்ல. தண்ணி கலக்காத பி.பி.எஸ்.ஸுக்கு நீல மூடி போட்டுட்டேன்."

"மூணு வாரமா நா ஒழுங்கா சாப்பிட்டதில்ல, தெரியுமோ?" என்று வைத்துவிட்டாள்.

சாரிடமும் சொன்னேன். "நோட்ல எழுதியோ?" என்று மட்டும் கேட்டார். என் பேரோடு எழுதியிருந்தேன்.

வியாழனன்று நல்ல செல்லின் நியூக்ளியஸ் வழவழவென்று உருண்டையாக இருந்தது, ஜீன் ஓரத்தில். பிழையுள்ளது கசங்கி, ஜீன் நடுவில். சார் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார். சுபா என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் பி.பி.எஸ்.ஸைத் தானே கலந்துகொண்டாள். நானும் கேட்கவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிசல்ட் கெட்டால், அடுத்தவர் கையைப் பார்க்குமுன் உங்கள் பாட்டிலைப் பாருங்கள்.

எட்டு மாதம் கழித்து, சுபா தன் கடைசிப் பரிசோதனையன்று காலி பாட்டிலோடு வந்து நின்றாள். "அண்ணா, கலந்து தருவீங்களா?"

ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவைத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.