ரத்தம் கேட்ட முகவரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கம்பாலாவில், நான் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில் எனக்கே நடந்தது இது.

தினமும் மதியம் நர்ஸ் நபுகீராவின் பெயரில் ரத்த வங்கிக்கு ஒரு கோரிக்கை போனது. ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட். நோயாளி பெயர் இல்லை. எடுத்து வைத்த ரத்தம் வீணாகிக்கொண்டிருந்தது. "நான் கேக்கவே இல்ல" என்று அழுதாள் அவள். அவள் பெயரில் வேறு யாரோ நுழைகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் நான் காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

அவள் வேலை பார்ப்பது ஒன்றாம் கட்டிடம்; அங்குள்ள கம்ப்யூட்டர்களின் முகவரி எல்லாம் 10.40.1 என்று தொடங்கும். அதை எழுதி, 'பின்னால் எது வந்தாலும் சரி' என்பதற்கான நட்சத்திரக் குறி போட்டு, 'இவை தவிர மற்றவை' என்று பதிவுகளில் தேடினேன். ஒன்றுமில்லை. மூன்று நாளாக இதே பதில். எரிச்சலில் மேசையைக் குத்தினேன்.

மேலாளர் சென்டோங்கோ எட்டிப் பார்த்தார். எல்லோரையும் 'செபோ', அதாவது 'ஐயா', என்றுதான் கூப்பிடுவார். "என்ன செபோ, பெட்டிய மொறச்சா பதில் சொல்லிருமா? அவளையே ஒத்துக்கச் சொல்லுங்க."

"கொஞ்சம் சும்மா இருங்க சார்!"

அப்போதுதான் உறைத்தது. தேடும் கருவிக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. நட்சத்திரம் 10.40.10 முதல் 10.40.19 வரை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கியிருந்தது! எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லையைச் சரியாகக் கொடுத்தேன்.

அத்தனை கோரிக்கையும் வெளியே வந்தது. எல்லாம் ஒரே முகவரி. 10.40.17.9.

"பதினேழாம் கட்டிடம் எது சார்?"

சென்டோங்கோ சிரிக்கவில்லை. "பழைய ஆபரேஷன் தியேட்டர். போன வருஷமே இடிச்சாச்சு. உங்க மோட்டார்சைக்கிள் நிக்குதே... அந்த எடம்."

கம்ப்யூட்டர் ஏதாவது இயங்கினால் பதில் வருமே என்று, லேப்டாப்பிலிருந்து அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

பதில் வந்தது.

லேப்டாப்போடு வெளியே ஓடினேன். வெயில். சரளைக்கல். ஒரு கம்பிகூட இல்லை.

டக்... டக்டக்... டக்...

யாரோ தட்டச்சு செய்கிறார்கள்.

என் காலுக்கடியில்.

திரையில் புதிய கோரிக்கை வந்தது. ஓ நெகட்டிவ். இரண்டு யூனிட்.

பிறகு சத்தம் நின்றது. அந்த முகவரி அதற்குப் பிறகு பதில் சொல்லவே இல்லை.

நபுகீராவின் வேலை தப்பியது. எட்டு மாதம் கழித்து அவளுக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு யூனிட் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். ஓ நெகட்டிவ்.

கோரிக்கைகள் வந்த அந்த நாட்களில், தான் கர்ப்பம் என்பது அவளுக்கே தெரியாது.